நொண்டும் காலைக் கடைசியில்தான் தொடுவேன்

"திடீர்னு நொண்டுது சார்" என்று நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "கீழே விடுங்க, நடக்கட்டும்" என்பதுதான் என் முதல் பேச்சு. மேஜைமேல் ஏற்றினால் பயத்தில் நான்கு காலையும் விறைத்துக்கொண்டு நிற்கும். எந்தக் கால் என்றே தெரியாது. அதனால் மருந்தக வாசலில், சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து மெதுவாக என்னை நோக்கி ஒரு நடை, திரும்பி ஒரு நடை நடத்தச் சொல்வேன்.

முன்னங்காலில் வலி என்றால் தலை காட்டிக்கொடுத்துவிடும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல காலை ஊன்றும்போது தாழும். தலை தாழ்கிற பக்கம்தான் வலி என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அதனால்தான் வளர்க்கிறவர் "வலது கால்" என்று அடித்துச் சொல்ல, நடை இடது காலைக் காட்டும். பின்னங்கால் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். வலிக்கிற பக்கம் தூக்கித் தூக்கிப் போடும்.

சில நாய்கள் மருந்தகத்துக்குள் நுழைந்ததும் நொண்டுவதையே விட்டுவிடும். புது இடம், மற்ற நாய்களின் வாடை, மருந்து நெடி எல்லாம் சேர்ந்த பதற்றத்தில் வலி பின்னுக்குப் போய்விடும். வெளியே போனதும் மறுபடி காலைத் தூக்கும். ஆகையால் வீட்டிலேயே அரை நிமிடம் செல்போனில் படம் எடுத்து வருகிறவரை எனக்கு மிகவும் பிடிக்கும். படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் முதல் நாலைந்து அடிகள் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கை வேலை. முதலில் நல்ல காலைத் தடவிப் பார்ப்பேன். அந்த நாய்க்கு இயல்பு எது என்று என் விரல்களுக்குத் தெரிய வேண்டும், என் கை தன்னை நோகடிக்காது என்று அதற்கும் தெரிய வேண்டும். நோகிற காலுக்கு வரும்போதும் நகத்தில் தொடங்கி மேலே போவதுதான் முறை. நகம், நகக்கண், விரலிடுக்கு, பாதத்தின் மெத்தை, பிறகுதான் மூட்டுகள். சுளுக்கு என்று வருவதில் நிறைய பாதத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒரு பெரியவர் வெள்ளை ராஜபாளையம் நாயோடு வந்தார். "ராத்திரி நல்லாத்தான்யா இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா கால ஊனல. தோள்ல சுளுக்குன்னு எண்ணெய் தேச்சிருக்கேன்" என்றார். தோள், முழங்கை எல்லாம் சரியாக மடங்கி நீண்டன. நடு இரண்டு விரல்களுக்கு இடையில் மட்டும் முடி ஈரமாக ஒட்டிக் கிடந்தது. நாய் விடாமல் நக்கியிருக்கிறது. முடியை விலக்கினால் இளஞ்சிவப்புத் தோலில் ஒரு கறுப்புப் புள்ளி. கட்டைவிரலால் அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்தது. மரக்க ஊசி போட்டு இடுக்கியால் பிடித்து இழுத்தபோது சீமைக்கருவேல முள்ளின் முனை நீளமாக வந்தது. கரிசல் காட்டில் ஓடுகிற நாய்க்கு இது வாடிக்கையான துன்பம்.

எல்லாம் இப்படி எளிதாக முடிவதில்லை. கனத்த லேப்ரடார் ஓடித் திரும்பும்போது முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிடும். "எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூட்டு வீங்கியிருப்பது தெரியும், ஜவ்வு தெரியாது. தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை மறு கையிலும் பிடித்து நகர்த்திப் பார்க்க வேண்டும். கீழ் எலும்பு முன்னால் வழுக்கினால் ஜவ்வு போயிற்று என்று பொருள். நாய் தசையை இறுக்கிக்கொண்டால் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும். பொமரேனியன் நாலடி கெந்திவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால் முட்டிச்சில்லு விலகி விலகிச் சேர்கிறது. இன்று ஒரு கால், நாளை வேறு கால், கூடவே காய்ச்சலும் இருந்தால் காது மடலைத் தூக்கி உண்ணி தேடுவேன், ரத்தம் எடுப்பேன். உண்ணிக் காய்ச்சல் மூட்டுகளிலும் இறங்கும். கட்டிலிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் முறிந்திருந்தால் என்ன சாப்பிடுகிறது என்று கேட்பேன். "வெறும் கறிதான் சார், நல்லாத்தான் போடுறோம்" என்பார்கள். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. உடம்பு அதை எலும்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது மாத்திரை. வலி என்றதும் வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக்கையோ ஐபுபுரூஃபனையோ பாதியாக உடைத்துச் சோற்றில் வைத்துவிடுகிறார்கள். மனிதர் விழுங்கும் இந்த மருந்துகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொண்டலோடு வர வேண்டிய நாய் தார் மாதிரி கறுத்த மலத்தோடும் வாந்தியோடும் வரும். அதைவிடக் கொடுமை, நாய்க்கு ஏற்ற வலி மருந்து என் கையில் இருந்தும் உடனே கொடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பதால் சில நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த நாய் வலியோடு கிடக்கும்.

ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம் என்பது காலைக் கொஞ்சமாவது ஊன்றி, தின்று, வாலாட்டுகிற நாய்க்கு மட்டும்தான் பொருந்தும். கால் தொங்கினால், வண்டியில் அடிபட்டிருந்தால், ஈறு வெளுத்திருந்தால், கால் மளமளவென்று வீங்கி ரத்தம் கசிந்தால் உடனே கிளம்ப வேண்டும். கடைசியாகச் சொன்னது விரியன் கடியாக இருக்கலாம். பின்னங்கால்கள் தள்ளாடி, குரல் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருந்தால் வெறிநோயை நினைக்க வேண்டும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கை விடவே கூடாது. கை விட்டிருந்தால் மனிதருக்கும் அன்றே ஊசி போட்டாக வேண்டும்.

பெரிய நாயை இரண்டு பேராகப் போர்வையிலோ பலகையிலோ படுக்க வைத்துத் தூக்குங்கள். மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லையென்றால் துண்டால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். எத்தனை பாசமான நாயும் வலியில் கடிக்கும். மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருந்தால், திட்டுவேன் என்று மறைக்க வேண்டாம். அந்த அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.