ஏழரைச் சனிக்கு ஒரு கணக்கு



சனி ஒரு ராசியில் இரண்டரை வருஷம் இருப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது தெரியுமா?

சனிக் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகும். வானத்தை 12 ராசியாகப் பிரித்திருக்கிறார்கள். 29½-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட இரண்டரை வரும்! நம் ராசி, அதற்கு முந்தின ராசி, அடுத்த ராசி, ஆக மூன்று. மூன்று இரண்டரை ஏழரை. அவ்வளவுதான்.

டெலஸ்கோப் இல்லாத காலத்திலேயே வெறும் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மெதுவாக நகர்வதால் சனிக்கு ‘மந்தன்’ என்றும் பெயர். ஆனால் தன்னைத்தானே சுற்றுவதில் சனி மந்தமே இல்லை. பூமிக்கு 24 மணி நேரம், சனிக்குச் சுமார் பத்தரை மணி நேரம்தான்! வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம். அதனால்தான் கும்பகோணம் மகாமகம் 2004, 2016 என்று வந்தது. அடுத்தது 2028.

இந்தக் கணக்கெல்லாம் சரி. பலன்தான் எனக்குப் புரியவில்லை.

எனக்கு மேஷ ராசி. “புள்ளைக்கு ஏழரை ஆரம்பிச்சிருச்சு. இனி படிப்பு ஏறாது. பத்தாவதோட நிறுத்திருங்க” என்று ஒரு ஜோசியர் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். ஏழரை முடியும்போது எனக்கு 21 வயது தாண்டிவிடும். பிளஸ் டூ, காலேஜ் எல்லாம் அதற்குள்தானே வருகிறது!

அதனால் இன்னொரு கணக்குப் போட்டேன். எப்போது பார்த்தாலும் 12 ராசியில் 3 ராசிக்கு ஏழரை நடக்கும். அதாவது நாலில் ஒரு பங்கு. 40 பேர் உள்ள வகுப்பில் சுமார் 10 பேர். வருஷா வருஷம் அத்தனை பேருமா ஃபெயில் ஆகிறார்கள்? மற்ற 30 பேரும் படிக்காமலே பாஸ் ஆகிவிடுவார்களா?

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். “கணக்கு சரியாத்தான் இருக்கு, பாப்போம்” என்றார். அப்பத்தா, “சாமி விஷயத்துல கணக்குப் போடாதடி” என்றது. “கணக்குப் போட்டுத்தானே அப்பத்தா ஏழரைன்னே கண்டுபிடிச்சாங்க?” என்றேன்.

கடைசியாக ஒன்று. காசினி என்ற விண்கலம் 1997 அக்டோபர் 15-ல் புறப்பட்டது. நேராகப் போகவில்லை. வெள்ளியை இரண்டு முறையும், பூமியையும் வியாழனையும் ஒவ்வொரு முறையும் ஒட்டிச் சென்று வேகம் எடுத்துக்கொண்டது. 2004 ஜூலை 1-ல் சனியை அடைந்து, 2017 வரை அதைச் சுற்றி வந்து படம் அனுப்பியது. போய்ச் சேர ஆன காலம் 6 வருஷம் எட்டரை மாதம். ஏழரையை விடக் குறைவு!

ஏழரை முடிவதற்குள் மனிதன் செய்த கலம் சனிக்கே போய்விட்டது. நான் காலேஜுக்குப் போகக் கூடாதா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி