ஆறுமணிக்குருவி

மார்கழிப் பனி இறங்கும் காலையில், மூவேளைச் செபத்திற்காக ஆலயமணி ஒலிக்கும்போது, பின்புறத் தோப்பிலிருந்து மற்றொரு குரலும் எழும். சீழ்க்கைபோல் இரு கூறாய் ஒலிக்கும் அக்குரலுக்கு உரியது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் அது. "நான் பிந்தினாலும் அது பிந்தாது சாமி" என்பார் மணியடிக்கும் உபதேசியார்.

இமயத்தின் அடிவாரங்களிலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டி வாழும் இப்பறவை, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருகின்றது. அதன் எடையோ ஏறத்தாழ 60 கிராமிற்குள்தான். நெடுவழி வந்த களைப்பில் வீட்டு முற்றங்களில் சோர்ந்து கிடப்பதும் உண்டு. பச்சை முதுகு, கண்ணோரம் கரும்பட்டை, சிறகில் நீலம், அடிவயிற்றில் செம்மை எனப் பல வண்ணங்கள் இருந்தும், சருகுகளைக் கிளறிப் பூச்சி தேடுகையில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

சிறுமலை அடிவாரத்திலுள்ள இப்பங்கிற்கு நாம் வந்த முதற் பனிக்காலத்தில், அதனைப் படமெடுத்துவிட வேண்டும் என்னும் ஆவல் நம்மைப் பற்றிக்கொண்டது. ஒன்பது காலைகள் காத்திருந்தோம். குரல் கேட்டதேயன்றி உருவம் தென்படவில்லை. பத்தாம் நாள், கைப்பேசியில் அதன் குரற்பதிவை ஒலிக்கவிட்டோம். உடனே வந்து தாழ்ந்த கிளையொன்றில் அமர்ந்தது. தலையைப் பின்னே சாய்த்து, அலகை வானோக்கி உயர்த்திக் கூவியது. நாம் மீண்டும் ஒலிக்கவிட, அதுவும் மீண்டும் கூவியது. இப்படியே அரைமணி நேரம் கழிந்தது. படங்கள் தெளிவாக அமைந்தன.

விளக்குமாற்றுடன் நின்றிருந்த உபதேசியார், "பாவம் சாமி, இரைகூட எடுக்காம அது யாரைத் தேடுது?" என்றார்.

நமக்கு விடை தெரியும். தன் இடத்தில் வேறொரு பறவை புகுந்துவிட்டதென எண்ணி அது அலைந்தது. நீண்ட இரவை வெறும் வயிற்றோடு கழித்த சிற்றுயிருக்குக் காலைப்பொழுதே உணவுப்பொழுது. அப்பொழுதை நாம் பறித்துக்கொண்டோம். அதுவும் அதன் இனத்தின் குரலாலேயே ஏமாற்றி. பொய் என்பது நாவால் மட்டும் சொல்லப்படுவதன்று எனக் குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் பயின்றவர் நாம். அன்று அப்பாடத்தைத் துடைப்பம் ஏந்திய ஒருவர் மீண்டும் நடத்தினார்.

பங்கின் நாட்காட்டிக்கு அப்படங்களுள் ஒன்றை இளையோர் கேட்டு வந்தனர். அழகான படம்தான். ஆயினும் அதனை எவ்வாறு எடுத்தோம் என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டு, தர மறுத்தோம். பங்குத்தந்தை இளையோர் முன் தம் தவற்றைச் சொல்வது எளிதன்று.

அதன்பின் குரற்பதிவின்றி, புளியமரத்தடியில் அசையாது அமரப் பழகினோம். தை மாதத்து விடியல் ஒன்றில் அது தானாகவே வந்தது. பத்தடித் தொலைவில் சருகைப் புரட்டிப் புழுவொன்றை இழுத்தது. வெளிச்சம் போதவில்லை. அதன் கண் கூசுமென்று மின்னொளியையும் பயன்படுத்தவில்லை. சருகு தெளிவாகவும் பறவை கலங்கியும் படத்தில் விழுந்தன.

நாட்காட்டியில் அந்தப் படமே இடம்பெற்றது. வீடு சந்திக்கச் செல்லும்போது, "குருவி எங்கே சாமி?" என்று கேட்போருக்குச் சருகினிடையே விரல் வைத்துக் காட்டுகிறோம்.