லக்கி அலியும் நாங்கள் கூப்பிட மறந்த பெயரும்



போன வாரம் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு வந்திருந்தார். கட்டாரில் வேலை. விடுமுறையில் வந்தவர், பேரீச்சம்பழப் பெட்டியொன்றும் கையில். இடைவேளை நேரம், ஆசிரியர் அறையில் எல்லோரும் சுற்றியிருந்து தேநீர் குடித்தோம். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"சேர், குறை நினைக்காதீங்க. பதினொரு வருஷம் இங்க படிச்சேன். ஒருத்தரும் என்ட பேரச் சொல்லிக் கூப்பிடல்ல. எல்லாருக்கும் நான் அதிபர்ட மகன்தான்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. அவருடைய வாப்பா இந்தப் பக்கத்தில் பெயர் பெற்ற அதிபர். மகன் ஓ.எல் வகுப்பில் கணக்கில் பின்தங்கியபோது, "வாப்பாட பேர இப்படியா கெடுக்கிற?" என்று வகுப்பின் முன்னால் கேட்டவர்கள் நாங்கள்தான். உற்சாகப்படுத்துகிறோம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

அன்றிரவு லக்கி அலியின் பழைய பாட்டொன்று கைபேசியில் வந்தது. மாணவரின் பேச்சு மனதில் கிடந்ததால், பாட்டை விட்டுவிட்டு அந்தப் பாடகரின் வாழ்க்கையையே யோசித்துக்கொண்டிருந்தோம். அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

(பாட்டு கேட்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கமெண்ட்டில் தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் பேசப்போவது ஒரு மகனைப் பற்றி.)

எங்கள் வயதுக்காரர்களுக்கு லக்கி அலியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். இயற்பெயர் மக்ஸூத் மஹ்மூத் அலி. 1958 செப்டம்பர் 19ஆம் திகதி பிறந்தவர். வாப்பா, இந்தி சினிமாவின் மாபெரும் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத். உம்மா, நடிகை மீனா குமாரியின் தங்கை. வாப்பாவின் வாப்பா மும்தாஸ் அலி, பொம்பே டாக்கீஸ் காலத்து நடனக் கலைஞர். மாமி மினூ மும்தாஸும் நடிகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊரறிந்த ஒரு பெயர் நின்ற வீடு.

மெஹ்மூத் யார் என்பதைத் தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' இந்திக்குப் போனபோது, 1971இல் 'மேய்ன் சுந்தர் ஹூன்' என்ற பெயரில் அந்தப் பாத்திரத்தைச் செய்தவர் அவர்தான். 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' படத்தைத் தழுவி 1972இல் வந்த 'பொம்பே டு கோவா' அவருடைய படம். அப்போது இன்னும் பெரிய நட்சத்திரமாகாத அமிதாப் பச்சன் அதில் கதாநாயகன்.

அவர் கைதூக்கிவிட்டவர்கள் பலர். இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் முதல் படம் மெஹ்மூத் தயாரித்த 'சோட்டே நவாப்'. இன்னோர் இசையமைப்பாளர் ராஜேஷ் ரோஷனின் முதல் படம் 1974இல் வந்த மெஹ்மூதின் 'குன்வாரா பாப்'. கைவிடப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கும் ரிக்‌ஷாக்காரரின் கதை அது. அந்தப் பிள்ளைக்கு போலியோ. மெஹ்மூதின் சொந்த மகன் ஒருவருக்கும் போலியோ இருந்தது. அந்த மகனையே படத்தில் நடிக்க வைத்தார்.

இப்படிப்பட்டவரின் பிள்ளை வாப்பாவோடு ஒட்டி வளர்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. லக்கி அலி சின்ன வயதிலேயே விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர். உம்மாவும் வாப்பாவும் பிரிந்துவிட்டார்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை வாப்பாவைக் கண்டு, அவரைச் சினிமாவில் வரும் மெஹ்மூதாகத்தான் தனக்கு அடையாளம் தெரிந்தது, வாப்பாவாக அல்ல என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தியா முழுக்கச் சிரிக்க வைத்த முகம், சொந்தப் பிள்ளைக்கு ஒரு சுவரொட்டி முகம்.

மெஹ்மூதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உழைக்கிற வாப்பாமார் எல்லோருக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. எங்கள் ஊர்களிலும் கடல் கடந்து உழைக்கிற வாப்பாவைக் கைபேசித் திரையில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் எத்தனை பேர்!

லக்கி அலி சிறு வயதில் படங்களில் தலைகாட்டினார். பிறகும் சில படங்களில் நடித்தார். ஷியாம் பெனகலின் 'திரிகால்' (1985) அவற்றில் ஒன்று. ஆனால் நட்சத்திரமாகவில்லை. நடிகரின் மகன் நடிகனாக வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த வயதெல்லாம் கடந்து போனது. இருபது போனது, முப்பதும் போனது.

1996இல் 'சுனோ' வந்தது. முதல் இசைத்தொகுப்பு. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அதிலிருந்த 'ஓ சனம்' பாட்டின் காட்சிகள் எகிப்தில், பிரமிடுகளுக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. டிஷ் அன்டெனா இருந்த வீடுகளில் கூட்டமாக இருந்து பார்த்த காலம் அது. மற்ற இந்தியப் பொப் பாட்டுகளில் ஆட்டமும் வண்ணமும் அள்ளிக் கொட்டும். இவரோ கிட்டார் பின்னணியில், கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரலில் பாடினார். பயிற்சி பெற்ற சினிமாக் குரல் அல்ல அது. வாப்பாவின் சாயல் அந்தக் குரலில் துளியும் இல்லை. மெஹ்மூதின் மகன் என்பது பலருக்குப் பாட்டு பிடித்துப்போன பிறகுதான் தெரிய வந்தது.

இவ்வளவு பெயர் கிடைத்த பிறகு 1998இல் வந்த இரண்டாவது தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'ஸிஃபர்'. மத்ரஸாவில் அரபு படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். பூச்சியம்.

2000ஆம் ஆண்டு ஹிருத்திக் ரோஷனின் முதல் படமான 'கஹோ நா பியார் ஹை' வந்தது. அதில் 'ஏக் பல் கா ஜீனா' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. பாடியவர் லக்கி அலி. இசை ராஜேஷ் ரோஷன். இருபத்தாறு வருடத்துக்கு முன் மெஹ்மூத் முதல் வாய்ப்புக் கொடுத்த அதே ராஜேஷ் ரோஷன். 2002இல் 'காந்தே' படத்தில் லக்கி அலி அமிதாப் பச்சனோடு சேர்ந்து நடித்தார். 'பொம்பே டு கோவா' வந்து முப்பது வருடம். வாப்பா அன்று திறந்த கதவுகளுக்குள்ளிருந்த மனிதர்களிடம் மகன் வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் அதற்குள் அவர் தன் சொந்தக் குரலோடு வந்திருந்தார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவருடைய இன்னொரு படம் முக்கியம். 2002இல் தனுஜா சந்திரா இயக்கிய 'சுர்'. லக்கி அலி அதில் இசை ஆசிரியர். தேவாலயத்தில் பாடும் ஒரு பிள்ளையின் திறமையைக் கண்டு, அவளைத் தன் மாணவியாக்கி வளர்க்கிறார். அவள் தன்னையே மிஞ்சப் போகிறாள் என்று தெரிந்ததும் பொறாமை பிடிக்கிறது. வளர்த்த கையே தடுக்கப் பார்க்கிறது. பிறகுதான் தன் பிழையை உணர்கிறார்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது, இப்படியும் ஒரு ஆசிரியர் இருப்பாரா என்று கேட்டோம். இப்போது யோசித்தால், மாணவர் மீது பொறாமைப்படாவிட்டாலும், அவரை அவராகப் பார்க்காமல் விட்ட குற்றம் எங்களிடமும் இருக்கிறது. அதிபரின் மகன், மௌலவியின் தம்பி, டொக்டரின் மகள் என்று ஒரு பக்கம். மீன்காரரின் மகன், ஆட்டோக்காரரின் மகள் என்று மறுபக்கம். முதல் வகையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம், இரண்டாம் வகையிடம் எதையுமே எதிர்பார்ப்பதில்லை. இரண்டும் அநியாயம்தான்.

மெஹ்மூத் 2004 ஜூலையில் அமெரிக்காவில் காலமானார். மகனின் குரலை நாடே அறிந்துவிட்ட காலம் வரை அவர் வாழ்ந்திருந்தார் என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல். லக்கி அலி அதன் பிறகு மும்பைச் சினிமாச் சத்தத்திலிருந்து மெல்ல விலகினார். பெங்களூருவுக்குப் பக்கத்தில் யெலஹங்காவில் வாப்பா வாங்கிய நிலத்தில் விவசாயம். இடையிடையே பாட்டு. 2015இல் ஏ.ஆர். ரஹ்மான் 'தமாஷா' படத்தில் 'சஃபர்நாமா' பாட்டை அவரிடம் கொடுத்தார். கதை சொல்வதில் ஆசை கொண்ட மகனை, வாப்பா பொறியியல் படிக்க வைக்கும் படம் அது. அந்தப் பாட்டுக்கு அவர் குரலை விடப் பொருத்தமான குரல் இருந்திருக்காது.

2020 கடைசியில், கொரோனாவால் எல்லோரும் சோர்ந்திருந்த நேரம், கோவாவில் ஒரு சின்னக் கூட்டத்தின் நடுவே அவர் கிட்டாரோடு உட்கார்ந்து 'ஓ சனம்' பாடிய காட்சி எல்லாக் கைபேசிகளுக்கும் வந்தது. வயது அறுபத்திரண்டு. நரைத்த தாடி. குரலும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. 1996இல் பிறந்தே இராத பிள்ளைகள் அதைப் பகிர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு மெஹ்மூத் யாரென்றே தெரியாது. ஒரு காலத்தில் மெஹ்மூதின் மகன் என்று சொல்லப்பட்டவரின் வாப்பாவாக இன்று மெஹ்மூதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

அவருடைய வாழ்க்கையில் எல்லாமே முன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. குடும்ப விடயங்கள் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பார்த்து, வாப்பாவின் அளவுகோலால் அளந்து, "இவன் இவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. சில பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டு வயது வரை போகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெறுபேறு வரும் இரவில், உங்கள் காலத்துப் பெறுபேற்றைப் பிள்ளையிடம் சொல்லிக் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றையும்தான்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த மாணவர் அன்று விடைபெற்று வாசல் வரை போனபோது, பின்னால் போய் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். "என்ன சேர் நீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் வரவு இடாப்பைத் திறந்து, ஒவ்வொரு பெயரையும் முழுதாக வாசித்தோம். நாற்பத்தொரு பெயர்கள். வழமையை விடக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் நல்வழி காட்டுவானாக. ஆமீன்.