மண் காத்து வைத்த வாழ்க்கை

இத்தாலி நாட்டில் பொம்பெயி என்றொரு ஊர். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, சாம்பலும் நுரைக்கல்லும் அந்த ஊரையே மூடிவிட்டன. 1748-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கே கிடைத்த சாதாரண விஷயங்கள்தான் என்னைக் கவர்ந்தன. ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. தெருவில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், கால் நனையாமல் ரோட்டைக் கடக்கப் போட்ட கற்கள், தண்ணீர் வர ஈயக் குழாய்! சிவில் படிக்கிற நமக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

"அது ரோமாபுரி. நம்ம ஊட்டியில என்னப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது! பிரீக்ஸ் பள்ளிக்கூடம் நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். நம் மலை முகடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழங்காலக் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தவர். அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு வருடம் 1873-ல் வெளிவந்தது. அந்தக் கல்லறைகளில் மூடி மேல் எருமை நிற்கும் மண்பானைகள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள், பொன் நகைகள் எல்லாம் கிடைத்தன. இன்று அவற்றைப் பார்க்க எழும்பூர் மியூசியத்துக்கோ லண்டனுக்கோதான் போகவேண்டும்.

பொம்பெயியில் சாவு திடீரென்று வந்தது. அன்றைய வாழ்க்கை அப்படியே நின்றுபோனது. இங்கேயோ, செத்தவருக்குப் பிரியமானதைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எருமையை எவ்வளவு நேசித்திருந்தால் பானை மூடியில் செய்து வைப்பார்கள்!

சர்வே கேம்ப் போனபோது, பாதி சரிந்த ஒரு கல்வட்டத்தைப் பார்த்தேன். கூட வந்த மேஸ்திரி அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "இதுல இருந்துதான் தம்பி, கீழ தோட்டத்துச் செவுத்துக்குக் கல்லு எடுத்தோம்." எனக்கு மனசு கேட்கவில்லை.

பொம்பெயியை எரிமலை மூடியது, அதனாலேயே பிழைத்தது. நம்ம மலையில் இருப்பதை அழிக்க எரிமலை வேண்டாம். ஜேசிபிக்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஜேசிபிக்குப் பக்கத்தில் நாளைக்கு நிற்கப் போவது நாம்தான். பானை ஓடு தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது. காண்ட்ராக்டர் முறைப்பார், முறைக்கட்டும்!

ரோடு போட ஆயிரம் பேர் வருவார்கள். அந்தப் பானையைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அங்கே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.