ஸ்டேடியம் ரெடி... ஆடுறது யாரு?

கால்பந்துன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நடுராத்திரி ஹாஸ்டல் ரூம்ல ஒரே மொபைலைச் சுற்றி எட்டுத் தலை, மெஸ்ஸியா ரொனால்டோவான்னு விடிய விடிய பஞ்சாயத்து... சரிதானே பாஸ்? ஆனா, நான் சொல்லப்போற சாம்பியன் கதை பார்சிலோனாவுல நடக்கலை. கோவையில, வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்துல, வெளியே சுற்றிலும் கடைகளோட நிற்குதே மாநகராட்சியின் நேரு ஸ்டேடியம்... அங்கே நடந்தது!

2017-18 ஐ-லீக் சீசனுக்காக சென்னை சிட்டி எஃப்.சி. கோவைக்குக் குடிவந்தது. தேசிய லீக் ஆடுற அளவுக்கு அந்த மைதானத்தைத் தயார் பண்ணினாங்க. அடுத்த சீசன்லயே அடிச்சது லக்கி பிரைஸ்! 2019, மார்ச் 9, கடைசி மேட்ச். ஜெயிச்சா கோப்பை நமக்கு. சறுக்கினா, அதே நேரம் கோழிக்கோட்டுல ஆடிட்டு இருந்த ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிடும்.

எனக்கு ஊர், பழநிக்குப் பக்கத்துல மலையடிவாரத்துல இருக்கிற பாலசமுத்திரம். அப்போ எட்டாவது படிச்சுட்டு இருந்தேன். முழுப்பரீட்சை நேரம்னு வீட்டுல கத்தக் கத்த, பெரியப்பா பையன் என்னை இழுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டான். உடுமலை, பொள்ளாச்சின்னு குலுங்கிக்கிட்டே போய் இறங்கினோம். ஆரம்பத்துலயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட, கேலரியே கப்சிப். இரண்டாவது பாதியில பெட்ரோ மான்ஸி பெனால்டியில சமன் பண்ணினார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல்! 3-1. பக்கத்துல இருந்த முன்பின் தெரியாத மாமா என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டார்.

நம்ம டீம் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக் கோப்பையைத் தூக்கின முதல் தமிழ்நாட்டு அணி. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். அந்த சீசன்ல மான்ஸி மட்டும் 21 கோல். எல்லாம் சரி, அந்த டீம் இப்போ எங்கே? 2020-21 சீசனோட ஐ-லீக்ல இருந்து காணாமப் போச்சு. ஸ்டேடியம் மட்டும் அப்படியே இருக்கு.

அங்கேதான் என் கேள்வி தொடங்குது. ஒரு மைதானத்தைப் புதுப்பிக்கிறோம்னா, எதைப் புதுப்பிக்கிறோம்?

கார்னர்ல ஒரு கணக்கு!

இன்ஜினீயரிங் மாணவன்கிறதால கொஞ்சம் கணக்கு... பயப்படாதீங்க, அரியர் வராது! நம்ம ஊர் ஸ்டேடியங்கள் பெரும்பாலும் ஓட்டப்பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் சேர்த்துக் கட்டினது. சென்னை நேரு ஸ்டேடியமும் அப்படித்தான். 400 மீட்டர் டிராக்கோட வழக்கமான அளவுல, நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதுக்குள்ள 105-க்கு 68 மீட்டர் கால்பந்து ஆடுகளத்தை வரைஞ்சு பாருங்க. உட்காரும், ஆனா மூச்சுத் திணறித்தான் உட்காரும். கார்னர் கொடிக்கும் டிராக்குக்கும் நடுவுல ஒரு மீட்டர்தான் இடம். அதாவது, கார்னர் கிக் அடிக்கிறவர் டிராக்ல இருந்துதான் ஓடிவரணும். கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி, எட்டு லேனையும் சேர்த்தா, ரசிகனுக்கும் கோலுக்கும் குறைஞ்சது 36 மீட்டர் தூரம்!

இதை ஒரு குறையா நான் சொல்லலை. ஓடுறவங்களுக்கும் இடம் வேணும்ல? ஒரே மைதானத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கிறதுதான் மாநகராட்சி ஸ்டேடியத்தோட அழகு. சிக்கல் வேற இடத்துல இருக்கு... புல்லுல!

பிள்ளையாருக்கு வைக்கிற புல்

'பெர்முடா கிராஸ்'னு பெரிய பேரெல்லாம் சொல்றாங்களே, அது என்ன தெரியுமா? நம்ம பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்தான்! தரையோட படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, அடிபட்டாலும் திரும்பி வந்துடும். ஆனா அதுக்கும் லீவு வேணும். நாள் முழுக்க நூறு பேர் மிதிச்சா மண் இறுகிடும். தண்ணி உள்ளே இறங்காது, வேருக்குக் காற்று கிடைக்காது. முதல்ல கோல்போஸ்ட் முன்னாடி சொட்டை விழும். அப்புறம் மழை வந்தா அந்த இடம் குளம்.

வைத்தியம் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தினம் தண்ணி, நேரத்துக்கு வெட்டு, இறுகின மண்ணுல துளை போட்டு மணல் நிரப்பறது, வாரத்துல சில நாள் ஓய்வு. இதுக்கெல்லாம் வேண்டியது தினமும் வந்து பார்த்துக்க ஒரு ஆள். ஆனா நடைமுறை என்ன? கேலரிக்குப் பெயின்ட் அடிக்க, லைட் மாட்ட, கல்வெட்டு வைக்கப் பணம் ஒரே தடவையில வந்துடுது. தண்ணி விடறவருக்கு மாசாமாசம் சம்பளம்னு வரும்போதுதான் இழுபறி. கடைசியில எல்லாரும் கண்டுபிடிக்கிற சுலபமான வழி... பூட்டு!

நானும் அனுபவிச்சிருக்கேன். பெயர் வேண்டாம், ஒரு ஊர்ல புதுப்பிச்ச மைதானத்துக்கு எங்க பசங்க பதினொரு பேர் பந்தோட போய் நின்னோம். 'புல்லு கெட்டுப்போயிடும் தம்பி, போங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கம்பி வழியா எட்டிப் பார்த்தா பச்சைப்பசேல்னு ஒரு மைதானம், உள்ளே ஒரு ஈ காக்கா இல்லை. திரும்பி வந்து ரோட்டோரப் பொட்டல்ல, செங்கல்லை கோலா வச்சு ஆடினோம். புல்லைக் காப்பாத்தினது சரி... அது யாருக்காகன்னு கேட்டா அவங்களுக்கும் பதில் தெரியலை.

பூட்டும் வேண்டாம், நாள் முழுக்க மிதிக்கவும் வேண்டாம். நடுவுல ஒரு வழி இருக்கு: கால அட்டவணை. காலையில டிராக்ல நடக்கிறவங்களும் ஓடுறவங்களும், சாயங்காலம் வயசு வாரியா பசங்க பொண்ணுங்க, வாரத்துல ரெண்டு நாள் புல்லுக்கு ரெஸ்ட். இதை ஒரு போர்டுல எழுதி கேட்ல மாட்டினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துடும்.

ஒரு டீம் வரும், கோப்பை அடிக்கும், போயிடும். அடுத்த டீமுக்கு ஆள் வேணும்னா, இன்னைக்கு எட்டாவது படிக்கிற யாரோ ஒரு பையனோ பொண்ணோ அந்தப் புல்லுல விழுந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டாத்தான் உண்டு. கேலரியில உட்கார்ந்து கைதட்டினா மட்டும் பத்தாது.

அதனால உங்க ஊர் நகராட்சி மைதானத்துக்கு ஒரு நடை போங்க. மூணே கேள்வி கேளுங்க: எப்போ திறப்பீங்க? யார் தண்ணி விடறாங்க? புல்லுக்கு என்னைக்கு லீவு? பதில் சொல்ற வரைக்கும் சும்மா நிற்க வேண்டாம், கையோட பந்தையும் எடுத்துட்டுப் போங்க!