எட்டாம் நம்பர் தூண்டில்

ஔட் சுரங்கப் பாதைக்கு முன்னாலேயே இறங்கிவிட வேண்டும், தூங்கிப் போனால் பஸ் குலு, மணாலி என்று போய்க்கொண்டே இருக்கும் என்று டெல்லியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் எங்கே தூங்கினேன்? மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு நீள டப்பா. அதற்குள் போன தீபாவளி போனஸில் பாதி!

பக்கத்து ஸீட் சர்தார்ஜி டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தணித்து, "துப்பாக்கியா?" என்றார் இந்தியில். "மீன் பிடிக்க" என்றேன். உடனே நகர்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால் மரியாதை கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

ஹிமாசலப் பிரதேசத்தில் லார்ஜி என்ற இடத்தில் பியாஸ் நதியோடு வந்து சேர்கிறது தீர்த்தன் ஆறு. அதை எதிர்த்து மேலே மேலே போனால் பன்ஜார், அப்புறம் குஷைனி. அதற்கும் மேலே தேசியப் பூங்காவின் காடு. ஏப்ரல் மாதம். ஆப்பிள் மரங்களில் இலையைவிடப் பூ அதிகம். ஆறு என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். யானைக்குட்டி சைஸ் பாறைகளுக்கு நடுவே, விட்டால் நாலு தாவலில் அக்கரை போய்விடலாம் போல ஓடுகிறது. காலை வைத்தேன். முழங்காலுக்குக் கீழே என்னுடைய கால்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு ஜில்!

இந்தத் தண்ணீரில்தான் ட்ரவுட் இருக்கிறது. சுதேசி மீன் இல்லை. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் காஷ்மீருக்கு வந்து, அங்கிருந்து சில வருஷங்களில் குலு பக்கம் குடியேறியது. நம் நீலகிரி அவலாஞ்சியிலும் வெள்ளைக்காரர்கள் இதே வேலையைப் பார்த்திருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்தாலும் பொழுதுபோக்கை விடாத ஆசாமிகள்!

மீன்துறை லைசென்ஸ் வாங்கித்தான் பிடிக்க வேண்டும். குளிர்காலம் ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால் அப்போது தடை. சட்டைப் பையில் லைசென்ஸ், கையில் டப்பா, மனசில் கர்வம். வழிகாட்டியாக வந்த பெரியவருக்கு அறுபது வயசிருக்கும். 'சாச்சாஜி' என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. நானும் அப்படியே.

டப்பாவைத் திறந்து நாலு துண்டையும் மாட்டி அவரிடம் நீட்டினேன். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"எட்டாம் நம்பர்... பாய் சாப், உங்க ஊர்ல கடல் இருக்கு இல்லே?"

"இருக்கு சாச்சாஜி. ஏன்?"

"இல்லே, அதுக்கு வாங்கினதை மறதியா இங்கே எடுத்துட்டு வந்துட்டீங்களோன்னு பார்த்தேன்."

நான் வாங்கின கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் அஞ்சு, எட்டு என்று இரண்டு நம்பர் காட்டினார். "எட்டு ஸ்ட்ராங் சார், சின்ன மீன், பெரிய மீன் எல்லாத்துக்கும் தாங்கும்" என்றார். கூட வந்த ஆபீஸ் நண்பரும் தலையாட்டினார். வளர்கிற பையனுக்கு டவுசர் எடுக்கிற மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று பெரிசாக எடுத்துவிட்டேன். அந்த நம்பர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நம்பர் தூண்டிலின் பலம் இல்லை, நூலின் எடை! நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கும். குண்டு பறக்கும், நூல் பின்னாலேயே போகும். இங்கே முள்ளில் கட்டியிருப்பது கோழி இறகும் பட்டு நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. ஊதினால் பறக்கும். அதை எப்படி நாற்பதடி தள்ளிப் போடுவது? அதனால் நூலையே கனமாகச் செய்கிறார்கள். சாட்டை மாதிரி பின்னால் வீசி, முன்னால் வீசினால் நூல் சுருள் பிரிந்து போகும். பூச்சி சும்மா ஒட்டிக்கொண்டு போகும். நூலின் முதல் 30 அடியின் எடைதான் நம்பர். அஞ்சாம் நம்பர் சுமார் 9 கிராம், அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. எட்டாம் நம்பர் பதின்மூன்றரை கிராம். அந்தந்த எடைக்குத் தகுந்தபடி வளைகிற மாதிரி கார்பன் கம்பைச் செய்கிறார்கள். மனைவியிடம் பவுன் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஆனால், அந்தப் பேச்சையே எடுக்காமலிருப்பது உத்தமம்.

முதல் நாள் காலை முழுக்க என் நூல் தண்ணீரில் 'தொப்' என்று விழுந்தது. ஒவ்வொரு தொப்புக்கும் அந்த மடுவிலிருந்த மீனெல்லாம் பாறைக்கடியில் போய்விடும். நடுவில் இரண்டு தடவை பின்னாலிருந்த மரத்தைப் பிடித்தேன். அதில் ஒன்று நல்ல சைஸ்.

மத்தியானம் மூன்று மணிக்கு, பாறை நிழலில் என் பூச்சி மேல் தண்ணீர் லேசாகக் குழிந்தது. "ஆ!" என்று ஒரே இழுப்பு. எட்டாம் நம்பர் கம்பு விறைத்துக்கொண்டு நின்றது. வளையவே இல்லை. நூல் நுனியில் கட்டியிருக்கும் இழை கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 'டப்'பென்று அறுந்தது. கையில் வெறும் நூல்.

"தப்பிச்சுடுச்சு சாச்சாஜி" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தப்பிக்கலே பாய் சாப். முள்ளு அது வாயிலேயே இருக்கு."

அப்புறம் நான் வீசவே இல்லை. பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பு வளைந்து கொடுத்திருந்தால் அந்த இழை பிழைத்திருக்கும். மீனைக் கைக்குக் கொண்டுவந்து, முள்ளை எடுத்து, விட்டிருக்கலாம். பணம் போனது இருக்கட்டும், இது வேறு மாதிரி உறுத்தியது. ராத்திரி ராஜ்மாவும் சோறும் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் சாச்சாஜி தன்னுடைய தூண்டிலைக் கொண்டுவந்தார். எட்டடி நீளம், நாலாம் நம்பர். கார்க் கைப்பிடியில் பாதி பிய்ந்துபோய் ஏதோ பசை போட்டு ஒட்டியிருந்தது. கையில் வாங்கினால் அகப்பைக் காம்பு கனம்கூட இல்லை. லேசாக ஆட்டினால் பாதிக் கம்பு வரை வளைகிறது. இந்த மாதிரி நெருக்கமான ஆற்றில் நாற்பதடி வீச்சே ஜாஸ்தி, இருபதடியில் காரியம் முடிந்துவிடும், அதற்கு வளைகிற கம்புதான் தோது என்றார். நுனி மட்டும் வளைகிற வேகமான கம்பு, காற்றில் தூரமாக வீசத் தெரிந்த கைகாரனுக்காம். எனக்கு அது ஸ்கூட்டர் லைசென்ஸில் லாரி.

ரீல்? கம்பைவிட அதிக விலை கொடுத்து, பளபளவென்று பெரிய பிரேக் வைத்த ரீல் வாங்கியிருந்தேன். சாச்சாஜி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஆத்து மீனுக்கு ரீல்ங்கிறது நூல் சுத்தி வைக்கிற உருளை. அவ்வளவுதான்" என்றார். நிஜம்தான். இங்கே மீனை இடது கையால் நூலை இழுத்துத்தான் கொண்டு வருகிறோம். நூறு கஜம் ஓடுகிற கடல் மீனுக்குத்தான் பிரேக் எல்லாம். ரீல் வாங்கும்போது நூலை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டுமாம். வெட்டி வெட்டி வராமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். உருளைக்கும் சட்டத்துக்கும் இடுக்கில் நூல் மாட்டக் கூடாது. கம்பில் மாட்டி, கைப்பிடி முன்பக்கத்தை ஒரு விரலில் நிறுத்தினால் தராசு மாதிரி நிற்க வேண்டும். என்னுடையது ரீல் பக்கமே குடை சாய்ந்தது. ரீலில் மிச்சம் பிடித்து அதை நல்ல நூலில் போடு என்பது அவர் கட்சி. இன்னொன்றும் சொன்னார். கார்பனில் கரண்ட் பாயும், மின்கம்பிக்குக் கீழேயும் இடி மழையிலும் இதைத் தூக்கிக்கொண்டு நிற்காதே. இதை எந்தக் கடைக்காரரும் என்னிடம் சொல்லவில்லை.

பத்து மணி இருக்கும். நூல் சத்தமே இல்லாமல் இறங்கியது. குழிந்தது தண்ணீர். இந்தத் தடவை இழுக்கவில்லை, கம்பை நிமிர்த்தினேன். நுனியிலிருந்து கைப்பிடி வரை வில்லாக வளைந்து, மீன் தலையாட்டுவது என் மணிக்கட்டில் தெரிந்தது. சாச்சாஜி, "ஜல்தி, ஜல்தி, ரொம்ப நேரம் விளையாடாதே, அது சோர்ந்துடும்" என்று தண்ணீரில் இறங்கிவிட்டார்.

ஒன்றரை ஜாண் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டு தொடச் சொன்னார். முள்ளின் கொடுக்கை முன்னாலேயே குறட்டால் நசுக்கியிருந்ததால் சுலபமாகக் கழன்றது. நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடித்திருந்தேன். செவுள் இரண்டு தடவை திறந்து மூடியது. கையில் ஒரு உதறல். போய்விட்டது.

"நேத்து அறுந்தது?" என்றேன்.

"மேல் மடுவுல இருக்கும். நாளைக்கு நான் பார்க்கிறேன்" என்றார், போகிற போக்கில்.

சென்னை திரும்பியதும் மறுபடி கடைக்குப் போனேன். தனி ஆள். ஒன்பதடி, அஞ்சாம் நம்பர், நாலு துண்டு. பாட்டுக்குக் கம்பை மாட்டி, நுனியைச் சுவரில் ஊன்றி வளைத்து, வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, அரை மணி நேரம் படுத்தினேன். கடைக்காரர் எட்டாம் நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். அது பரணில் இருக்கிறது. மஹ்சீர் பிடிக்க அதுதான் சரியான நம்பர் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

புது டப்பாவைப் பார்த்த மனைவி, "என்னங்க, போன தடவை எட்டு, இப்போ அஞ்சா?" என்றாள்.

"ஆமாம்."

"இறங்கு வரிசையில போகுது. ஒண்ணாம் நம்பர் வர்றதுக்குள்ள என் ரெட்டை வடம் என்னாகும்னு மட்டும் சொல்லிடுங்க."