பாட்டுக்கு எந்த ஊர்?

பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. ஏசி அறைக்குள் காய்ச்சவும் முடியாது. மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிற அந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் காலையிலிருந்து இதுதான் பிரச்சினை. பறைக்காரர்கள் நால்வரும் தெருவுக்கு இறங்கி, வைக்கோலையும் பழைய பேப்பரையும் கொளுத்தித் தோலை வாட்டிக்கொண்டு படியேறி ஓடிவருவார்கள். பாட்டு பாதி தாண்டுவதற்குள் குளிரில் தோல் தொய்ந்து சத்தம் இறங்கிவிடும். மறுபடி தெரு, மறுபடி வைக்கோல். சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க அங்கேயே நாலு தட்டு தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "யாரு தவறிட்டாங்க?" என்று விசாரித்தார்.

"யாரும் தவறலைங்கய்யா. பாட்டு பதியிறோம்" என்றார் குழுவின் ஆசான்.

பெரியவர் நம்பாமல்தான் உள்ளே போனார். சாவுக்கு அடிப்பதில்லை என்று இந்தக் குழு முடிவெடுத்துப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் தெருவில் பறை கேட்டால் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது.

நட்டு போல்ட் வைத்து முறுக்குகிற ஃபைபர் தோல் பறை இப்போது கடையிலேயே கிடைக்கிறது. அதைக் காய்ச்ச வேண்டியதில்லை. ஒலிப்பதிவு செய்கிற தம்பி அதைத்தான் சொல்லிப் பார்த்தான். ஆசான் தன் பறையை அவன் கையில் கொடுத்தார். மூன்று வேப்பங்கட்டைகளை வளைத்துச் சேர்த்த வட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல். "அதுல காலையிலயும் ஒரே சத்தம், சாயங்காலமும் ஒரே சத்தம் தம்பி. இது அப்படியில்ல, நம்ம கூடவே ஏறும், எறங்கும்." தம்பி ஏசியை அணைத்தான். அப்புறம் நாங்கள் எல்லோரும் வியர்வையில் குளித்தோம்.

இவர்கள் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்துக்காக வீதி நாடகம் போடக் கூடியவர்கள். இயக்கம் ஓய்ந்த பின்னும் குழு கலையவில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடிவருகிறார்கள். கட்சி மேடை, கல்லூரி விழா, கோயில் கொடை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். ஆனால் எந்தக் கட்சிக்கும் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பாட்டு வெளிவரும்வரை குழுவின் பேரை எழுதக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில்தான் என்னை உள்ளே விட்டார்கள். ஏன் அந்த நிபந்தனை என்பது போகப்போகப் புரிந்தது.

இத்தனை வருடம் பதியாதவர்கள் இப்போது ஏன் வந்தார்கள்? ஆளுக்கொரு பதில் வந்தது.

இளையவன் ஒருவன் செல்போனை எடுத்து நீட்டினான். திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோ. பறை அடி விழுகிற இடமெல்லாம் சத்தம் அமுங்கி, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. போன் மைக் பெரிய சத்தம் வந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும், இரைச்சல் என்று நினைத்ததை வெட்டியும் விடும். பறையில் பாதி அதற்கு இரைச்சல்தான். "எங்களத் தெரியாதவங்க இதக் கேட்டுத்தான் நாங்க இப்படித்தான்னு நெனைக்கிறாங்கண்ணே" என்றான். அடுத்து ஒரு ரீல்ஸைக் காட்டினான். இவர்கள் பாட்டேதான், பாடுவது வேறு யாரோ. கீழே 'பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தது.

அவனுக்கு அதுதான் வலிக்கிறது. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்த பிறகு, ஒரு பாட்டில் யார் பேர் எங்கே வருகிறது என்று தமிழ்நாடே வாதாடியது. அதையெல்லாம் வரிவிடாமல் படித்திருக்கிறான். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்கிற 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லிவிட்டால் பங்கு கேட்க ஆளில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டிய பாட்டுக்கு ஊரே ஆசிரியர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பணம் வருகிற இடத்தில் அது வசதியான பொய்.

ஆசான் இந்தக் கோபத்தில் அவ்வளவாகச் சேரவில்லை. "நாமளும் எடுத்துருக்கோம்ல தம்பி? சினிமா அடின்னு ஒரு அடியே வச்சிருக்கோமே" என்று சிரித்தார். உண்மைதான். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி என்ற வரிசையில் சினிமா அடியும் ஒன்று. பதிவு என்றால் ஆசானுக்குப் பாடகர் கே.ஏ.குணசேகரன் ஞாபகம்தான். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் ஊரூராகப் போனது. எழுதியவரும் பாடியவரும் 2016இல் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். "அவுக கொரலு இருக்கு. நம்ம அண்ணன் கொரலு எங்க இருக்கு?" என்றார்.

அவர் அண்ணன் என்றது குழுவின் முதல் பாட்டுக்காரரை. கொரோனாவில் போனவர். 2020லும் 2021லும் சித்திரைத் திருவிழாவுக்கே கூட்டம் கூட விடவில்லை. தொழில் நின்ற அந்தக் காலத்திலேயே அவரும் போனார். இவர்களுடைய தீப்பெட்டி ஆபீஸ் பாட்டில் அவர் மட்டும் பாடுகிற சரணங்கள் உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை. மிச்சம் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு வரியாக ஞாபகப்படுத்திச் சேர்த்ததில் மூன்று சரணம் தேறியது. மற்றது போனது போனதுதான்.

அன்று முதலில் பதிய வந்தது அந்தப் பாட்டைத்தான்.

தம்பி வழக்கப்படி காதில் ஹெட்போன் மாட்டிக் கிளிக் போட்டான். டிக், டிக் என்று சீராக ஓடும் தாளம். அதை ஒட்டி வாசித்தால் பின்னால் வெட்டி ஒட்டுவது சுலபம். முதலில் பறை, அப்புறம் குரல், அப்புறம் தாளம் என்று தனித்தனியாகவும் எடுக்கலாம். இவர்கள் பாட்டோ தொடங்கின வேகத்தில் முடிவதே இல்லை. மூன்றாவது சரணத்தில் கூட்டம் நெருங்கி வரும், அடியும் ஏறும். கிளிக்கைக் கேட்டுக்கொண்டு வாசித்தபோது ஒருவர்கூடப் பிசகவில்லை. ஆனால் உயிரில்லை. குழுவில் பாடுகிற அக்கா பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "இது என்னய வேல வாங்குது தம்பி. நான் பாடணுமா, இதுக்குப் பதில் சொல்லணுமா?"

அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். கிளிக்கை நிறுத்தினான். பறைக்காரர்களை வெளி ஹாலில் வட்டமாக நிற்கவைத்தான். அக்காவை உள் அறையில் நிறுத்தி, கண்ணாடி வழியாக ஆசான் கை தெரிகிற மாதிரி மைக்கைத் திருப்பினான். திரையில் அளவு சிவப்பைத் தொடாமலிருக்கக் கெயினைக் குறைத்துக்கொண்டே வந்தான். பறைக்காரருக்கு இடதுகையில் மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி, வலதுகையில் பூவரசு அடிக்குச்சி. சிம்புக்குச்சியின் பொடிச் சத்தம் கேட்க மைக்கைக் கிட்டக் கொண்டுபோனால், அடிக்குச்சி விழும்போது எல்லாம் சிவப்பாகிவிடும். கடைசியில் பறைக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், முழங்கை உயரத்தில் வைத்தான். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடித்தான் தீர வேண்டும், ஒருவர் பிசகினால் மொத்தமும் முதலிலிருந்து. "நாங்க எப்பவும் அப்படித்தானே" என்றார் ஆசான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சண்டை. பாட்டின் முதல் வரியில் ஊர்ப் பேர் வரும். சாத்தூரில் பாடினால் சாத்தூர், கோவில்பட்டியில் கோவில்பட்டி. பேர் வந்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பும், அந்தச் சத்தத்தில்தான் பாட்டே ஏறும். பதிவில் எந்த ஊர்? இளையவன் "நம்ம ஊரு" என்று பொதுவாகப் போட்டுவிடலாம் என்றான். அக்கா ஒப்பவில்லை. "பொதுவா ஒரு ஊரு எங்கடா இருக்கு?" இன்னொருவர் சிவகாசி போடச் சொன்னார், எல்லோருக்கும் தெரிந்த ஊர். அங்கே பட்டாசுதானே பேச்சு என்று அதையும் தள்ளினார்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. போகிற இடமெல்லாம் கிடைத்த பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்த காசு. எனக்கே பதற்றமாக இருந்தது, அவர்களுக்கு இல்லை.

கடைசியில் அக்கா அண்ணனின் ஊர்ப் பேரைப் போட்டுப் பாடினார். யாரிடமும் கேட்கவில்லை. அடி மாறாமல் மற்றவர்கள் கூடவே போனார்கள். ஏழு நிமிடம் சொச்சம். மேடையில் இதே பாட்டு அரைமணி நேரம் போகும்.

பதிந்ததை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது ஆசான் ஒன்று சொன்னார். இத்தனை வருடத்தில் பறையைத் தள்ளி நின்று அவர் கேட்டதே இல்லையாம், எப்போதும் அவர் நெஞ்சுக்கு நேரேதான் அது அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது பறை அரை மாத்திரை முந்துவதைக் கண்டுபிடித்து அங்கேயே திட்டினார். திட்டு வாங்கியவர் பத்துப் பதினைந்து வருடமாக அப்படித்தான் அடித்துவருகிறாராம்.

பாட்டை ஆன்லைனில் ஏற்றப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். எழுதியவர் யார், இசை யார், யாருக்கு எத்தனை சதவீதம், எந்த வங்கிக் கணக்கு. இளையவன் ஒவ்வொன்றாகப் படித்தான். தேறிய மூன்று சரணத்துக்கும் அண்ணன் பேர் என்பதில் சண்டையே வரவில்லை. அவர் பங்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதிலும் இல்லை. ஆசான் அங்கிருந்தே போன் போட்டார்.

"மதினி, பாஸ்புக்கு மொதப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க மகன்கிட்ட."

ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எதுக்குய்யா? அவரு பேர்ல கடன் எதுவும் இருக்கா?"

கடன் இல்லை, பாட்டுக்குக் காசு வந்தாலும் வரும் என்று புரியவைக்க ஆசானுக்கு வெகுநேரம் பிடித்தது. பாட்டுக்கு எப்படிக் காசு வரும், அவர்தான் பாட வரமாட்டாரே என்று அந்தம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். அடுத்த பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால், பறைக்காரர்கள் வைக்கோலைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிக் கீழே இறங்கினார்கள்.